ரெட் பாஸ்: திரும்ப முடியாத இருபத்தேழு மைல்

2006 நவம்பர், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. என் கணவர் ரஃபீக், புதிதாய் வாங்கிய பழைய ஜீப்பை மலையேற்றிப் பார்க்க ஆசைப்பட்டார். எனக்கு வேறு கவலை. ஜனவரியில் லிவர்மோரில் கல்லூரி வகுப்பில் சேர வேண்டும். எங்கள் ஊர் மில்பிடாஸிலிருந்து ஃப்ரீவேயில் நான் தனியாகப் போக இவர் சம்மதிக்கவில்லை. லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம் ஆகியும், நான் ஓட்டினால் பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதிக்கும் மனிதர்.

மில்பிடாஸிலிருந்து நெவாடாவின் பீட்டி ஊர் ஏறத்தாழ ஐநூறு மைல். மோட்டல் 52 டாலர். மறுநாள் காலை 8.40க்கு, பாலைவன மலைகளுக்கு நடுவே போகும் டைட்டஸ் கேன்யன் மண்சாலையில் இறங்கினோம். இது ஒருவழிப் பாதை. நுழைந்தால் மறுமுனையில்தான் வெளியேற வேண்டும். முதல் பத்து மைல் சமவெளி, சரளைக்கல், குலுக்கல். பிறகு ஏற்றம். ரெட் பாஸ் என்ற கணவாயின் உச்சிக்கு ஒரு மைல் இருக்கையில் இவர் வண்டியை நிறுத்திவிட்டார். முகமெல்லாம் வேர்வை.

"சபீனா, என்னால முடியல. கீழ பாத்தா தலை சுத்துது."

"நான் டிரைவ் பண்றேன், நகருங்க."

"ஃப்ரீவேகூட எடுத்ததில்ல நீ!"

"இங்க என்னங்க, லேன் மாத்தவா போறோம்?"

அவர் பக்கம் பள்ளம், என் பக்கம் பாறை. கதவைத் திறக்க வழியில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கியர் கம்பியைத் தாண்டி உள்ளேயே இடம் மாறினோம். எனக்கும் பயம்தான். கண்ணாடியைப் பார், மெதுவாப் போ என்று அடுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். "பிஸ்மி சொல்லி எடு" என்றதோடு கண்ணை மூடிக்கொண்டார்.

உச்சி 5,250 அடி. செம்மண் நிறத்தில் மலைகள் மடிந்து கிடந்தன. அங்கே பத்து நிமிடம் நின்று புளிசாதம் சாப்பிட்டோம். இறக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்க ஊர் ஒன்று. கடைசியில் இருபுறமும் பாறைச் சுவர் நெருக்கும் இடுக்கு. 12.10க்குத் தார்ச்சாலை வந்ததும் சாவியை நீட்டினேன்.

"நீயே ஓட்டு. நான் தூங்குறேன்."

நான் ஓட்டும்போது அவர் தூங்கியது அன்றுதான் முதல்முறை. குறட்டை வேறு! எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

போகிறவர்களுக்கு: பீட்டியிலேயே டேங்கை நிரப்புங்கள். ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீர் வேண்டும். மழை பெய்தால் போகவே வேண்டாம். செல்ஃபோன் எடுக்காது. வண்டியில் இரண்டு பேருக்கு ஓட்டத் தெரிந்திருப்பது நல்லது.

நேற்று கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில் பார்க்கிங் பெர்மிட் வேண்டுமா என்ற கட்டத்தில், கேட்காமலே பேனாவை வாங்கி டிக் போட்டவர் இவர்தான்.