தேய்மானத்துக்கு ரசீது

விசாலாட்சி இறந்துவிட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் என் ஐஸ் ஆலையின் மேலாளர் செல்வராசு. காலையில் காபி கூட இறங்கியிருக்கவில்லை. தொலைபேசியில், "அம்மா, டீச்சர் போயிட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். என் கணவர் காலமானபோது இதே செல்வராசு பந்தலுக்கும் நாற்காலிக்கும் ஓடினார். அழுது நான் பார்க்கவில்லை. துக்கம் வருவதற்கு முன்பே எனக்கு இந்த ஒப்பீடு வந்துவிட்டது. விசாலாட்சி விஷயத்தில் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

இத்தனைக்கும் அவள் டீச்சர் இல்லை. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், சனிக்கிழமை மாலைகளில், கணக்குப் படிக்காமல் நிர்வாகத்துக்கு வந்தவர்களுக்கு ஆண்டுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மருத்துவமனை நடத்தும் டாக்டர், குரும்பகரத்து அரிசி ஆலைக்காரர், பள்ளித் தாளாளர் என்று இந்த நினைவு மலரைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்கள். நான் உட்காரவில்லை. அதனால் நீங்கள் அறியாத விசாலாட்சியை எழுதுவது என் பொறுப்பாகிறது.

கான்வென்ட்டில் நாங்கள் ஒரே வகுப்பு. ஆங்கிலத்திலும் கையெழுத்திலும் நான் முதல். என் கட்டுரையை மதர் வகுப்பில் உரக்கப் படிப்பார். எல்லாப் பெண்களும் கை தட்டுவார்கள். இடைவேளையில் அதே பெண்கள் விசாலாட்சியைச் சுற்றி நிற்பார்கள். "அவகிட்ட கேட்டா கணக்கு புரியுது. உங்கிட்ட கேட்டா எங்க தப்புதான் தெரியுது" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். தப்பைக் காட்டினால்தானே திருத்த முடியும் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

சுனாமிக்குப் பிந்தைய வருடம் என் கணவர் போனார். ஆலை என் தலையில் வந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் பிழையோடு என் மேசையைத் தாண்டாது. ஆனால் முதல் ஆண்டுக் கணக்கு வந்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். தேய்மானம் என்று போட்டு, சம்பளத்தை விடப் பெரிய தொகையைக் கழித்திருந்தார்கள். மின்கட்டணத்துக்கு ரசீது இருந்தது, டீசலுக்கு இருந்தது, டீத்தூளுக்குக் கூட இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

"செல்வராசு, இந்தத் தேய்மானம் யாருக்குக் குடுத்தது? ரசீது எங்க?"

"யாருக்கும் குடுக்கலம்மா."

"குடுக்காத காச ஏன் கழிச்சீங்க?"

தணிக்கையாளருக்குப் போன் செய்தேன். "புக் என்ட்ரி மேடம்" என்று தொடங்கி நீளமாக ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது, விஷயம் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. திங்கட்கிழமை ரசீதோடு வரவேண்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்று செல்வராசிடம் சொல்லிவிட்டேன். இருபது வருடம் என் கணவரோடு உழைத்தவர்.

அடுத்த நாள் ஞாயிறு. செல்வராசோடு விசாலாட்சி ஆலைக்கு வந்து இறங்கினாள். அவள் வகுப்பில் அவர் ஒரு வருடமாகப் படிக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு அவளிடம் பாடம்!

அவள் கணக்கைத் திறக்கவே இல்லை. நேரே உப்புநீர்த் தொட்டிக்குப் போனாள். நல்ல தண்ணீர் ஊற்றி அதற்குள் இறக்கி ஐஸ் உறைய வைக்கும் தகரக் கேன் ஒன்றை வெளியே எடுக்கச் சொல்லி, தலைகீழாகக் கவிழ்த்து, வெயிலுக்கு நேரே பிடிக்கச் சொன்னாள். அடியில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது.

"கோட்டுச்சேரிமேட்டுப் படகுக்காரங்க உன் ஐஸு கரிக்குதுன்னு சொல்றாங்களாமே?"

"தண்ணி சரியில்ல" என்றேன்.

"தண்ணி இல்லடி, கேனு. ஓட்டை வழியா உப்புத்தண்ணி உள்ள போவுது. கரிக்காம என்ன செய்யும்? ரசீது கேட்டியாமே, இந்தா, இதான் ரசீது. வாங்கிக்க."

நான் வாங்கவில்லை. "பணம் வங்கியில இருக்குதே. அப்புறம் என்ன கழிக்கிறது?"

"இருக்கு. உனக்குன்னு இல்ல, கேனுக்குன்னு இருக்கு. இவரு இருபது வருசமா தேய்மானத்த ஒழுங்கா எழுதியிருக்காரு. எழுதுனா மட்டும் புதுக்கேனு வந்து நிக்காது. அந்தப் பணத்த எடுத்து வீட்டுக்கு மார்பிள் போட்டேன்னா, நீ நடக்குறது மார்பிள் மேல இல்ல, கேன் மேல."

மார்பிள் போடப் போவதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, கொத்தனாரைத் தவிர. காரைக்காலில் அது போதும். செல்வராசு சிரிப்பை மறைக்கக் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவர நீ அனுப்புறதா இருந்தா சொல்லு" என்றாள் போகும்போது. "நாலு முதலாளி என்கிட்ட ஆள் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

நான் செல்வராசைப் பார்த்து, "நாளைக்கு வழக்கம்போல வாங்க" என்றேன். மார்பிள் போடவில்லை. மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் கேன்களை எல்லாம் மாற்றினோம். விட்டுப்போன படகுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அதன் பிறகு ஆண்டுக் கணக்கில் நான் முதலில் பார்க்கும் வரி தேய்மானம்தான். அந்த வரியை இன்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவள் வகுப்புக்கு நான் போகவில்லைதான். ஆனால் திங்கட்கிழமைதோறும் செல்வராசிடம், "என்ன சொன்னா?" என்று கேட்டுவிடுவேன். "லாபம் வந்துச்சான்னு கேக்குறதுக்கு முன்னாடி, சம்பளத் தேதிக்குக் கையில இருக்குமான்னு கேளுங்க" என்று அவள் சொன்னதை அப்படித்தான் அறிந்தேன். "பனிக்கட்டி உருகும், கடனுக்குக் குடுத்த பனிக்கட்டி சீக்கிரம் உருகும்" என்பதை எங்கள் ஆலைக்காகவே சொன்னாளாம். இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கலாம்.

ஒரு திங்கட்கிழமை செல்வராசு வாய் தவறி, "ஐயாவும் எல்லாத்தையும் டீச்சர கேட்டுத்தான் செய்வாரு" என்றார். முப்பது வருடக் குடித்தனத்தில் ஆலைக் கணக்கைப் பற்றி என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு நகை வாங்கித் தந்தார்; கணக்கை வங்கிக்குக் கொண்டுபோய் அவளிடம் பேசியிருக்கிறார். அன்றே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்கிட்ட சொல்லாதத உங்கிட்ட ஏன் சொன்னாரு?"

"உங்கிட்ட பயம்டி அவருக்கு. கையெழுத்துச் சரியில்லன்னு நீ அவரோட லவ் லெட்டரையே திருத்திக் குடுத்தவ இல்ல?"

இதையும் சொல்லியிருக்கிறாரா என்று எனக்கு நெருப்பாக எரிந்தது. அவள் கீரையில் பாதியை என் முன்னால் தள்ளினாள். நானும் ஆய்ந்தேன். அவளை விட நன்றாகவே ஆய்ந்தேன்.

இறுதிச் சடங்கன்று வாசலில் நீங்கள் நின்று பேசியதை எல்லாம் கேட்டேன். ஒவ்வொருவரிடமும் அவள் சொன்ன ஒரு வாசகம் இருந்தது. சனிக்கிழமை வகுப்பை இனி யார் எடுப்பது என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் செல்வராசைப் பார்த்தீர்கள். அவர் என்னைப் பார்த்தார். "எடுங்க. ஆனா கரும்பலகையில எழுத்துப் பிழை வரக்கூடாது" என்றேன்.

வகுப்பு உங்களிடம் இருக்கட்டும், வாசகங்களும் இருக்கட்டும். உங்களை எல்லாம் அவள் "வாங்க, சொல்லுங்க" என்றுதான் அழைத்தாள். டாக்டரையும் அப்படித்தான், செல்வராசையும் அப்படித்தான், என் கணவரையும் அப்படித்தான் அழைத்திருப்பாள். எனக்கு இந்த ஊரில் எல்லோரும் "அம்மா" அல்லது "மேடம்". அவள் ஒருத்திதான் என்னை "வாடி" என்றாள். அதில் உங்கள் ஒருவருக்கும் பங்கில்லை.