இரவல் நாக்கு

வரிசையாக நிற்கும் பேருந்துகளைச் சுற்றி அவர் நடந்துகொண்டிருக்கிறார். விடிந்தும் விடியாத நேரம். பணிமனைத் தரையில் டீசலும் தண்ணீரும் கலந்து வானவில் காட்டுகின்றன. அவற்றைத் தாண்டித் தாண்டிக் கால் வைக்கிறார். ஆண்கள் போடும் கேன்வாஸ் காலணி, தோளில் ஒரு துண்டு, துடுப்புப் போடுவது போல இரண்டு கையையும் வீசி ஒரு நடை. முதல் வண்டியை எடுக்க வந்த ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்தபடியே, "அக்கா, ரெண்டாவது கியர்லயே உருட்டுறீங்களே, மூணாவது போடுங்க" என்கிறார்.

"என்னுது லோடு வண்டிடா தம்பி. ஏத்தத்துல இப்படித்தான் போகும்." நடை நிற்கவில்லை.

பணிமனை உணவகத்தின் தலைமைச் சமையற்காரர் அவர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால் 'டபுள் டெக்கர்'. அது தனக்குத் தெரியும் என்பதை அவர் மறைப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாய் தவறி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தபோது, "மேல் மாடியில எடம் இருக்கு, ஏறிக்கோ" என்று அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தார். தன்னைக் கேலி செய்யும் வேலையைக்கூடப் பிறர் அரைகுறையாகச் செய்வதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அவருடைய சமையலில் குறை கண்டுபிடிப்பது கடினம். பணிமனை அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டையே உண்ணும் நான் முயன்று பார்த்திருக்கிறேன். மூடியைத் திறக்காமல், கொதிக்கும் ஓசையை வைத்தே பருப்பு மலர்ந்துவிட்டதா என்று சொல்வார். ஆனால் ருசி பார்க்காமல் ஒரு பாத்திரமும் பரிமாறும் மேசைக்குப் போகாது. கரண்டியைச் சாய்த்து இடது உள்ளங்கையில் கொஞ்சம் விடுவார், ஊதுவார், நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். உப்புப் போடுவார். மறுபடி உள்ளங்கை. "பிரேக் புடிச்சுப் பாக்காம வண்டிய வெளிய எடுப்பீங்களா? இதுவும் அப்படித்தான்" என்பார். எல்லாம் சரியாக வந்தபின் கடைசியாக ஒரு முறை உள்ளங்கை உயரும். அந்தக் கடைசி முறை எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்.

அவர் சாப்பிடுவதோ எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கும். பரிமாறி முடித்தபின் ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒரு சின்னக் கிண்ணத்தைத் திறப்பார். வேகவைத்த காய் கொஞ்சம், பாதி ரொட்டி. தேநீரில் சர்க்கரை கிடையாது. இரவுக்கு ஒரு கிண்ணம் சூப். அண்டா அண்டாவாக ஆக்கிப் போடும் கை தனக்கு மட்டும் குருவிக்கு இரை போடுவது போல அளந்து வைப்பதைப் பார்த்து ஓட்டுநர்களே வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

அழகுக்காகவோ ஆரோக்கியத்துக்காகவோ அவர் இளைக்க நினைக்கவில்லை. அவருக்கு ஒரு தம்பி. துணி வெட்டும் தையற்காரர். தம்பியின் மனைவி தைப்பார். மூவரும் ஒரே வீடு. தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி திரும்புவார். அக்காவின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்தது. இதயம் சரி, ரத்தம் சரி. ஆனால் எடை சரியில்லை. "இந்த எடையில உங்களுக்குக் கத்தி வெக்கிறது ஆபத்தும்மா. கொறச்சிட்டு வாங்க. அப்புறம் தேதி குடுக்கிறேன்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அன்று தொடங்கியதுதான் இந்த நடை, இந்தக் கிண்ணம். மாதாமாதம் ஆஸ்பத்திரி எடை மேடையில் ஏறினார். காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார். துண்டை எடுத்துவிட்டு ஏறினார். காதில் கிடந்ததைக்கூடக் கழற்றித் தம்பி மனைவியின் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். முள் சத்தியாக்கிரகம் செய்வது போல அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒரு தடவை டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "யாருக்கும் தெரியாம ஏதாச்சும் சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். டபுள் டெக்கருக்குச் சிரிக்கத் தெரிந்த அவருக்கு அந்தக் கேள்வி தைத்துவிட்டது. "என் தம்பி உசுரு மேல சத்தியமா இல்லம்மா" என்றார். தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "விடுக்கா, என் தலையெழுத்துக்கு நீ ஏன் பட்டினி கெடக்குற" என்றார். "வாய மூடு. நீ பொறந்தப்பவே உன்னத் தூக்கிச் சுமந்தவ நான். இப்ப மட்டும் முடியாதா?" என்று திட்டியபடியே முன்னால் நடந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மையும் இல்லை. இது தெரிய வந்த விதம்தான் விசேஷம்.

உணவகத்துத் தரையைத் தோண்டிக் குழாய் மாற்றவேண்டியிருந்ததால் அடுப்புகளை ஒரு வாரம் அணைத்துவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க மழை வேறு, நடையும் போயிற்று. வீட்டில் சும்மா உட்கார்ந்து, தம்பி மனைவி போட்டதைச் சாப்பிட்டார்; வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டார். ஏறியிருக்கும் என்று பயந்துகொண்டே எடை மேடையில் நின்றால் முள் இறங்கியிருந்தது. "என்ன பண்ணீங்க?" என்றார் நர்ஸ். "ஒண்ணுமே பண்ணலியே" என்று திகைத்தார். அடுப்பு மறுபடி எரியத் தொடங்கியது, நடையும் தொடங்கியது, முள் பழைய இடத்துக்கே ஏறி அமர்ந்தது.

தம்பி மனைவி ஒல்லியான, அதிகம் பேசாத பெண். டேப் வைத்து அளக்காமல் எதையும் நம்பாத தொழில். பல வருடங்களாக நாத்தனாரின் சட்டைகளுக்குப் பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்து விட்டவர் அவர்தான். "சும்மா இருந்தா எளைக்கிறீங்க, வேல செஞ்சா பெருக்குறீங்க. கோளாறு அந்த அடுப்பாங்கரையிலதான் இருக்கு அண்ணி" என்று சொல்லி, ஒரு நாள் தையல் கடையை அடைத்துவிட்டு உணவகத்துக்கே வந்தார். முக்காலியை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டார். கையில் ஒரு காலிப் பாத்திரம்.

"அது எதுக்குடி?"

"நீங்க வேலையப் பாருங்க."

அக்கா சூப்பை உள்ளங்கையில் விட்டுக்கொண்டார். தம்பி மனைவி அதே அளவு சூப்பைத் தன் பாத்திரத்தில் விட்டுக்கொண்டார். வெங்காயம் சிவந்துவிட்டதா என்று அக்கா இரண்டு இழைகளை வாயில் போட்டார்; பாத்திரத்திலும் இரண்டு இழை விழுந்தது. உருளைக்கிழங்கு வெந்ததா என்று ஒரு துண்டு. ரொட்டி ஓரம் மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று ஒரு விள்ளல். மேலே மிதக்கும் எண்ணெயோடு கோழிச்சாறு. உப்புப் போட்டபின் மறுபடி சாறு. புளிப்புக்கு ஒரு தடவை. அந்தக் கடைசித் தடவை. பால் பொங்கியபோது பாத்திர ஓரத்து ஏட்டைச் சுரண்டி ஒரு வாய். பரிமாறும் மணி அடித்தபோது தம்பி மனைவி எழுந்து பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தார். விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"என்னடி இது, குப்பையா?"

"இல்ல அண்ணி. காலையிலேருந்து நீங்க சாப்பிட்டது."

"நான் எங்கடி சாப்பிட்டேன்? ருசி பாத்தேன். அது வேல. சாப்பாட்டுல சேருமா?"

"உங்களுக்குச் சேராது. ஒடம்புக்குச் சேருதே."

அவரைப் பொறுத்தவரை சாப்பாடு என்றால் உட்கார்ந்து, தட்டு வைத்து, பசிக்குத் தின்பது. நின்றபடி, அடுப்பருகே, பிறருக்காக நாக்கில் வைப்பது வேறு அலமாரியில் இருந்தது. ஒன்றைத் தேடும்போது அது இருக்கும் என்று நாம் நினைக்கும் அலமாரியைத்தானே திறந்து பார்ப்போம்? அவர் அந்தப் பாத்திரத்தைக் கரண்டியால் ஒரு முறை கிளறினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் துண்டை முகத்தில் ஒற்றிக்கொண்டு, "இத்தன மாசமும் என் தம்பில்ல ஊசிக்குக் கைய நீட்டிக்கிட்டுக் கெடந்தான்" என்றார்.

அடுத்த கேள்வி எளியதல்ல. ருசி பார்க்காமல் அனுப்புவது அவருக்கு நேர்மைக் குறைவு. நாக்கில் வைத்துவிட்டுத் துப்பலாமே என்று ஒருவர் சொன்னார். "சோத்தத் துப்புறதா? அதுக்கு அடுப்ப அணைச்சிட்டுப் போயிடுவேன்" என்றார். உதவிக்கு இருந்த பெண்களைப் பார்க்கச் சொன்னால், அவர் மனம் நோகக்கூடாதென்று எல்லாவற்றையும் "நல்லாருக்குக்கா" என்றார்கள். ஆக, பணிமனையில் அவர் சமையலை ஒரு நாளும் நல்லா இருக்கிறது என்று சொல்லாத ஒரே மனிதரைத் தேடிப் போனார்.

அவர் ஒரு மூத்த நடத்துநர். பணிமனைக்காரர்கள் வைத்த பெயர் 'புகார்ப்பெட்டி'. தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பவர். சாப்பிட்டு முடித்து, தட்டைத் துடைத்தாற்போல் வைத்துவிட்டு, "வாயில வெக்க முடியல" என்று எழுந்து போகிறவர். அக்கா நேரே அவருடைய மேசைக்கு முன் போய் நின்றார்.

"அண்ணே, நாளையிலேருந்து நீங்கதான் என் நாக்கு."

புகார்ப்பெட்டி நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, நான் கொறதான் சொல்லுவேன்."

"அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

மாலை வண்டிக்காரர் என்பதால் காலையில் அவருக்கு வேலையில்லை. முதல் நாள் பெரிய குழப்பம். "உப்பு எப்படி இருக்கு?" என்றால், "இருக்கு" என்பார். "இருக்குன்னா எவ்வளவு?" "இருக்குன்னா இருக்கும்மா." அவர் நாக்குக்கு எல்லாம் தெரிந்தது; வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் நாள் எரிச்சலில், "அண்ணே, உங்க பஸ்ஸா நெனச்சிச் சொல்லுங்க" என்றார் அக்கா. அதற்குப் பின் சிக்கலே இல்லை. உப்புக் குறைந்தால், "பாதி சீட்டு காலி." கூடினால், "நிக்க எடமில்ல." காரம் மிஞ்சினால், "படியில தொங்குறாங்கம்மா!" எல்லாம் பொருந்தி வந்தால் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு, "ஃபுல் சீட்டு. ஒருத்தரும் நிக்கல. போலாம் ரைட்." உடனே மூடி விழும், பாத்திரம் மேசைக்குப் போகும்.

அக்காவின் கைக்குத்தான் இது புரியவில்லை. கரண்டி சாய்ந்த மாத்திரத்தில் இடது உள்ளங்கை தானாகக் குழிந்து நீளும். அதற்கு ஒரு துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார். "அடிபட்டுச்சாக்கா?" என்று கேட்டவர்களிடம், "இல்ல, ஜெயில்ல போட்டிருக்கேன்" என்றார். பால் பொங்கும் வேளையில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது எத்தனை பெரிய காரியம் என்பது பாலேட்டைச் சுரண்டிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

உணவகத்துச் சாப்பாடு கெட்டுப்போகவில்லை. இதைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன்: முன்னைவிட நன்றாகவே இருந்தது. தன் சமையலை முதன்முறையாக இன்னொருவர் நாக்கால் அறிய வேண்டியிருந்ததால், அவர் இன்னும் கூர்ந்து கேட்கவும் முகரவும் தொடங்கியிருந்தார்.

தம்பி மனைவி பிரித்துவிட்ட தையல்களை ஒவ்வொன்றாக உள்ளே பிடித்தார். முள் இறங்கியது, நின்றது, முரண்டு பிடித்தது, மறுபடி இறங்கியது. புகார்ப்பெட்டிக்கோ காக்கிச் சட்டையின் வயிற்றுப் பொத்தான் தெறித்தது. "எட எங்கயும் போயிடலடா. டபுள் டெக்கர்லேருந்து எறங்கி நம்ம வண்டியில ஏறியிருக்கு" என்று ஓட்டுநர்கள் அவர் வயிற்றைத் தட்டினார்கள். "ஏறுனா ஏறட்டும், பாஸ் வெச்சிருக்கு" என்றார் அவர்.

தேதி கிடைத்த அன்று மத்தியானம், அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பணிமனைக்கு வந்தார். வாசலில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். புறப்படத் தயாராக நின்ற வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. அடுத்தது அடித்தது. பழுதுக்கு நின்ற வண்டிகளில்கூட யாரோ ஏறி உட்கார்ந்து அடித்தார்கள். பணிமனை மேலாளர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, விஷயம் தெரிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை.

அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்து, பார்க்க அனுமதித்தவுடன் புகார்ப்பெட்டியும் நானும் போனோம். தம்பியின் அறை வாசலில் எங்களை நிற்கவைத்தார்கள். அக்கா தன் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற பக்கத்தை ஒரு கையால் தாங்கி, மெதுவாக வந்து எங்களைக் கடந்து உள்ளே போனார். "இனிமே நெறையத் தண்ணி குடிக்கணும், எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். இயந்திரத்தை நம்பியிருந்த காலமெல்லாம் தம்பிக்குத் தண்ணீர் அளவுதான். நாக்கை நனைக்கிற அளவு. இப்போது அக்கா ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தம்பி வாங்கி ஒரு மிடறு குடித்தார். பழக்கம் விடவில்லை; டம்ளரை இறக்கி, இன்னும் எவ்வளவு மீதியிருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

அக்கா டம்ளரின் அடியில் ஒரு விரலைக் கொடுத்து, அதை அவர் வாய்க்கே உயர்த்தி, கடைசிச் சொட்டு இறங்கும் வரை விரலை எடுக்காமல் நின்றார்.