பாய்லர் அக்காவும் கூரைக் கதவும்

நூலகத்தில் அவரை எல்லோரும் பாய்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கட்டிடத்துக்கு நூற்று நாற்பது வயது. அதன் அடித்தளத்தில் கிடந்து கட்டிடத்தையே சூடாக்கிய பாய்லரை இருபத்தொரு வருடம் கட்டி மேய்த்தவர் அவர். குளிர்காலத்தில், கீழே புத்தகம் கொடுக்கும் எனக்குப் பல் தந்தியடிக்கும். மேல்மாடி வாசக அறையில் வேர்த்துக் கொட்டும். அந்தக் கிழட்டு இரும்புக்கு நடுத்தரம் என்பதே தெரியாது.

போன வருடம் அதைக் கழற்றிவிட்டு, சூட்டுக்கும் குளிருக்கும் சேர்த்து ஒரே மின் இயந்திரம் வைத்தார்கள். எரிசக்திச் செலவு பாதியாகும் என்று பொறியாளர் வாக்குக் கொடுத்தார். நிர்வாகி கறாராகச் சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பார்ப்போம். குறைஞ்சா அக்கா இந்த மிஷினைப் பாத்துக்கட்டும். குறையலைன்னா மேல்மாடியை மூடிடலாம், ஆளும் வேண்டாம்." அக்கா ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது.

இரண்டு மாதம் போயிற்று. பாதியாவது மண்ணாவது! இயந்திரம் மூச்சு விடாமல் ஓடியது. பொறியாளர் ஜன்னல் இடுக்குகளை அடைத்தார், குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தார். கடைசியில் அக்காவிடம், "ராத்திரி ஒழுங்காத்தான் இருக்கு. காலைல எட்டு மணி ஆனா ஏறுது. என்ன எழவுன்னே தெரியலக்கா," என்றார்.

அக்காவின் முகம் வெளுத்தது. எட்டு மணிக்கு உள்ளே வருவார், பையை மாட்டுவார், படியோரத்துச் சங்கிலியை இழுப்பார். வாசக அறைக் கூரையில் ஒரு மரக்கதவு திறந்து, அதிகப்படி சூட்டை வெளியே விடும். மாலையில் மூடிவிட்டுப் போவார். பாய்லர் போன பிறகும் கை அதன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வரைபடம் எதிலும் அந்தக் கதவு இல்லை. இயந்திரம் பாவம், ஊருக்கெல்லாம் சேர்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாம மூடிட்டா யாருக்குடி தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியாதுதான்," என்றேன். நான் ஒன்றும் யோக்கிய சிகாமணி இல்லை.

அப்போது வராந்தாவில் பொறியாளர் போனில் மனைவியிடம் பேசுவது காதில் விழுந்தது. "என் கணக்கேதான் தப்பு. ஒத்துக்கிட்டு வேலையை விட்டுடறேன்."

அக்கா நேரே போய் அவர் முன்னால் நின்றார். "தம்பி, உங்க கணக்கு சரி. என் கைதான் தப்பு."

சங்கிலியைக் காட்டினார், இழுத்து மூடினார். பொறியாளர் அப்படியே படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மூன்றாம் மாதம் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. அறிக்கையில் பொறியாளர், 'வரைபடத்தில் இல்லாத கதவைக் கண்டுபிடித்தவர் பாய்லர் அக்கா' என்று மட்டும் எழுதியிருந்தார். அக்கா பேனாவை வாங்கி, 'தினமும் திறந்து வைத்ததும் நான்தான்' என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வலியப் போய்த் தலையைக் கொடுப்பார்களா?

இரண்டு நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. நிர்வாகி ஓரத்தில் கிறுக்கியிருந்தார்: 'சங்கிலிக்குப் பூட்டு போடவும். சாவி அக்காவிடமே இருக்கட்டும்.'

அக்கா அதை மூன்று தடவை படித்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.