நீளமான கவுன்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் கோடு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரிகளைப் பெட்டிகளில் அடுக்கி, நீராவி இயந்திரத்தில் ஏற்றிக் கிருமி போக்கி அனுப்புவது அவள் வேலை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நாடாவில் சூடு பட்டால் கறுப்புக் கோடு விழும். “கோடு விழாம என் அறையை விட்டு ஒரு ஊசிகூட வெளிய போகாது” என்று பத்தொன்பது வருடமாக வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி வாங்கிய பட்டம் அது. கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

சபையிலும் அவள் முதல் வரிசைதான். ஜெபத்தில் ஆண்டவரிடம் தாழ்மையை வேண்டுவாள். வேண்டுகிற சத்தம் கடைசி பெஞ்சைத் தாண்டிப் போகும்.

அவள் கணவனின் தங்கையும் அதே அறையில்தான் வேலை பார்த்தாள். போன வருடம் நாத்தனார் கையால் கோடு விழாத பெட்டி ஒன்று ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கோடு அக்கா அப்படிச் செய்வாளா? தியேட்டர் வாசலில், ஐந்து நர்சுகள் பார்க்க, “உன்ன மாதிரி ஆளுங்களாலதான் நோயாளி சாகுறான்” என்று கிழித்துத் தொங்கவிட்டாள். அதோடு விடாமல் மேலிடத்துக்குக் கடிதம் எழுதி நாத்தனாரைச் சலவை அறைக்கு மாற்றவும் வைத்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. “அஜாக்கிரதையா இருக்கிறவங்கள மன்னியும் ஆண்டவரே” என்று சபையில் அவள் ஜெபித்தபோது, பின்வரிசையில் தலைகுனிந்தது யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கோடு அக்கா நல்ல உயரம். வேலையில் உடைக்கு மேல் மாட்டுகிற, மற்றவர்களுக்குத் தைத்த கவுன் அவளுக்கு முழங்காலிலேயே நின்றுவிடும். ஆனால் கொஞ்ச காலமாகத் தினமும் காலையில் சலவையிலிருந்து வரும் மூட்டையில், மேலாக, நீளமான கவுன் ஒன்று இருக்கும். தன் அனுபவத்துக்கு ஆஸ்பத்திரி கொடுக்கிற மரியாதை அது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூக்கைத் துடைக்கக் கைக்குட்டைக்காகப் பையில் கை விட்டாள். வந்தது சோதனைச் சீட்டு. இயந்திரத்துக்குள் இருந்திருக்க வேண்டியது அது.

நாடாவில் விழும் கோடு, பெட்டிக்கு வெளியே சூடு பட்டதை மட்டும்தான் சொல்லும். நீராவி உள்ளே வரை இறங்கியதா என்று பார்க்க, ஒவ்வொரு தடவையும் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சீட்டு வைக்க வேண்டும். அது நிறம் மாறிய பிறகுதான் பெட்டிகள் வெளியே போகலாம். கோட்டை நம்பிய திமிரில் அவள் சீட்டையே மறந்திருந்தாள். சூட்டின் ஏற்ற இறக்கத்தை இயந்திரத்தின் பேனா கிறுக்கிய தாளை உருவிப் பார்த்தாள். ஏறிய சூடு நிற்க வேண்டிய நேரம் நிற்காமல் பாதியிலேயே இறங்கியிருந்தது. அதில் ஏற்றிய நான்கு பெட்டிகளும் தியேட்டருக்குப் போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது.

போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். அந்தத் தாளையும் கிழித்துவிடலாம். ஒரு வாரம் கழித்து யாரோ ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால், ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். “ஆண்டவரே, ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கும்” என்று முணுமுணுத்தாள். யாருக்கு ஒன்றும் ஆகாமல்? அங்கே மயக்கத்தில் கிடப்பவளை அவள் நினைக்கவே இல்லை. தன் பெயரைத்தான் நினைத்தாள். அது தெரிந்ததும் ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. இவ்வளவு வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்தவள் இவள்தானா என்று தன்னைப் பார்த்தே அவளுக்குப் பயம் வந்தது. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

தியேட்டருக்குள் நுழைய வேண்டுமானால், சலவை அறை ஜன்னலில் புதுக் கவுன் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். ஜன்னலில் நின்றது நாத்தனார்.

“கவுன் ஒண்ணு வேணும்.”

“எதுக்கு அண்ணி?”

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை. ‘வேலை இருக்கு’ என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

“சீட்டு வைக்க மறந்துட்டேன். சூடும் நிக்கல. பெட்டியெல்லாம் உள்ள போயிடுச்சு. நீ செஞ்சதவிடப் பெரிய தப்பு.”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். நாத்தனார் அதற்குள் கவுனை விரித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்திருந்தாள். “கைய நீட்டுங்க” என்றாள். முதுகுப் பக்கம் முடிச்சுகளைப் போட்டுவிட்டு, “நிக்காதீங்க, ஓடுங்க” என்றாள்.

தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆரம்பித்துவிட்டார்கள். கதவைத் தள்ளினாள். மருந்து பூசிய வயிறு விளக்கடியில் மின்னியது. டாக்டர் கத்திக்காகக் கை நீட்டியிருந்தார். சுற்றிலும் அதே நர்சுகள்.

“நிறுத்துங்க டாக்டர். அந்த நாலு பெட்டியிலயும் கிருமி போகல. தப்பு என்னோடது.”

பெரிய நர்ஸ் தட்டை மெல்லப் பின்னால் இழுத்தாள். “இன்னும் வெட்டல டாக்டர்.”

டாக்டர் கையைக் கீழே போட்டார். “எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கு விசாரிப்பாங்க.”

போகத் திரும்பியவள் நின்றாள். “போன வருஷம் இதே வாசல்ல என் நாத்தனாரப் பேசினேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீங்க எல்லாரும் பாத்தீங்க, அதான் உங்க முன்னாலயே சொல்றேன்.”

சலவை அறைக்கு வந்து துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். நாளை வேலை இருக்குமா என்பது தெரியாது. அந்த வயிற்றில் கத்தி பட்டிருந்தால் என்ற நினைப்பு விடாமல் வந்துகொண்டிருந்தது. முடிச்சை அவிழ்க்க வந்த நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன மன்னிச்சிடும்மா.”

நாத்தனார் அடுத்த முடிச்சை அவிழ்த்தாள். கோடு அக்கா குனிந்து பார்த்தாள். கவுன் கணுக்கால் வரை இறங்கியிருந்தது.

“அந்த அவசரத்துல நீளமானது எப்படிக் கெடச்சுது?”

“தேடவே இல்ல அண்ணி. நாளைக்கு உங்க மூட்டையில மேல வைக்கத் தனியா எடுத்து வச்சிருந்தேன்.”

“தினமும் நீயா வைக்கிற?”

“நான் இங்க வந்த நாள்லருந்து” என்றாள் நாத்தனார், கவுனை மடித்துக்கொண்டே.