ஸ்பீக்கருக்குள் பஞ்சு வைத்த கதை

எங்கள் மகள், டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்துக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்து பேஸ் கிட்டார் வாசிக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் எல்லாரும் டேனிஷ் பிள்ளைகள். தாங்களே பாட்டு எழுதி, தாங்களே பதிவு செய்வார்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்தவுடன் எனக்கும் தகப்பனுக்கும் கைபேசியில் அனுப்பிவிடுவாள்.

நான் இக்காஸ்ட் என்கிற எங்கள் சின்ன ஊரில் குளிர்காலப் போர்வை தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து வந்து சமைத்துக்கொண்டே அந்தப் பாட்டுகளைக் கேட்பேன். குசினி யன்னலில் ஒரு கையடக்க ஸ்பீக்கர் இருந்தது. பாடுகிற பெடியனின் குரல் கேட்கும், கிட்டார் கேட்கும், டிரம்ஸ் தட்டுவது கேட்கும். "நல்லாயிருக்கு பிள்ளை" என்று எழுதி அனுப்புவேன். பொய்யில்லை, உண்மையிலேயே பிடித்திருந்தது.

ஒரு நாள் அவள் தொலைபேசியில் கேட்டாள். "புதுப் பாட்டில என்ர வாசிப்பு எப்பிடி அம்மா?"

"எந்த இடத்தில வாசிக்கிறாய்?"

அவள் சிரித்தாள். "பாட்டு முழுக்க வாசிக்கிறன் அம்மா. சின்ன ஸ்பீக்கரில பேஸின்ர கீழ்ச் சுரம் வராது. நீங்கள் என்னைக் கேக்கவே இல்லை."

பகிடியாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதம் என் பிள்ளையின் பாட்டைக் கேட்டிருக்கிறேன், என் பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்டிருக்கிறேன்!

அன்றே என் கணவருக்குச் சொன்னேன். அவர் பக்கத்து ஊரான ஹேர்னிங்கில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார், எதையும் ஆற அமர, ஆறுதலாகச் செய்கிற ஆள். இதற்கு மட்டும் ஆறுதல் பார்க்கவில்லை. சின்ன வீட்டுக்கு மாறிப் போகிற ஒரு டேனிஷ் தம்பதியிடம், நிலத்தில் நிறுத்தி வைக்கிற பெரிய ஸ்பீக்கர் சோடி ஒன்றைப் பிடித்துவிட்டார். காரின் பின் ஆசனத்தை மடித்து, போர்வை சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். என் நெஞ்சளவு உயரம். மேலே சின்னக் கூம்புகள், கீழே சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பெரிய கூம்பு, முதுகுப் பக்கத்தில் உள்ளே குழாய் மாதிரிப் போகிற ஒரு வட்டத் துளை.

"இது என்னத்துக்கு ஓட்டை?"

"அதுக்குள்ளாலயும் சத்தம் வருமாம். பேஸுக்கு உதவியாம்," என்றார் அவர். விற்றவர் சொல்லியிருக்கிறார்.

சோபாவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு மகளின் பாட்டைப் போட்டோம். அலுமாரிக்குள் தட்டுகள் கிணுகிணுத்தன. என் கால்பாதத்தில் அதிர்ந்தது. பேஸ் வந்துவிட்டது! ஆனால் பாட்டுப் போகப் போக என் முகம் மாறியது. உம்ம்ம் என்று ஒரே இழுவை. ஒரு சுரம் பெரிதாக வீங்கி வரும், அடுத்தது காணாமல் போகும். பாடுகிற பெடியன் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் தலையை விட்டுப் பாடுகிறவன் போல இருந்தான்.

"ஏமாந்திட்டம் போல கிடக்கு," என்றார் அவர்.

சுவருக்குக் கிட்ட இருப்பதால்தான் என்று நினைத்து முன்னுக்கு இழுத்துப் பார்த்தோம். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. நான் பெட்டியின் பக்கத்தில் குனிந்து விரலால் தட்டினேன். வெறும் பெட்டி மாதிரி டங்கென்றது. கைபேசி வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்தால் உள்ளே கறுப்பாக ஏதோ குவிந்து கிடந்தது.

"இஞ்சாருங்கோ, இதைத் திறப்பம்."

"உடைச்சுப் போடாதையும்!"

"திருகாணிதானே. கழட்டினதைத் திரும்பப் பூட்டலாம்."

சனிக்கிழமை காலை, நிலத்தில் விரிப்பைப் போட்டு, பெட்டியை மல்லாக்கக் கிடத்தி, பெரிய கூம்பின் திருகாணிகளைக் கழற்றினேன். வயர்களைக் கழற்ற முன்னம் அவர் கைபேசியில் படம் எடுத்து வைத்தார். கூம்பைத் தூக்கினதும் உள்ளே பார்த்துக் கத்திவிட்டேன். ஒரு காலத்தில் சுவரெல்லாம் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு வயது போய், உக்கி, பொடிந்து விழுந்து, அடியில் பிசுபிசுவென்று கிடந்தது. சுவரெல்லாம் வெறும் பலகை. மற்றப் பெட்டியும் அப்படியே. ஸ்பீக்கரில் பழுதில்லை, உள்ளே வைத்ததுதான் இல்லாமல் போயிருக்கிறது! அவ்வளவையும் தூசி உறிஞ்சும் மெசினால் இழுத்துத் துப்பரவாக்கினேன்.

பஞ்சு என்றால் எனக்குப் பஞ்சமா? திங்கட்கிழமை வேலைத்தலத்தில் மேற்பார்வையாளரிடம், போர்வைக்கு நிரப்புகிற பொலியெஸ்டர் பஞ்சின் வெட்டுத் துண்டுகள் கொஞ்சம் எடுக்கலாமா என்று கேட்டேன். எதற்கு என்றார். ஸ்பீக்கருக்குள் வைக்க என்றேன். மனிதர் சிரித்துவிட்டு, தானே போய் ஒரு பெரிய பை நிறையக் கொண்டுவந்து தந்தார்.

அங்கேதான் பிழை விட்டேன். போர்வைக்காரி அல்லவா, போர்வைக்கு அடைப்பதுபோல இரண்டு பெட்டியையும் கழுத்துவரை அடைத்தேன். பூட்டிவிட்டுப் பாட்டைப் போட்டால் பீப்பாச் சத்தம் அடியோடு போய்விட்டது. கூடவே பேஸும் போய்விட்டது. டிரம்ஸ், தலகாணியில் அடிக்கிற மாதிரி. அவர் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். திடீரென்று பின்பக்கத் துளையிலிருந்து ஒரு பஞ்சுக் கொத்து பறந்துவந்து திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டது. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

சிரித்து முடிந்து யோசித்தபோதுதான் எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. கோவிலில் அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டும்போது பழக்கமானவள். கோயம்புத்தூர்க்காரி, ஓகூஸில் காது கேட்கும் கருவி வடிவமைக்கிற பொறியியலாளர். தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, துளைக்குள்ள இருந்து பஞ்சு பறந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். "சனிக்கிழமை வர்றேங்க. நான் வர்ற வரைக்கும் எதையும் ஒட்டிடாதீங்க."

ரயிலில் வந்தாள். தேத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, நேரே விரிப்பில் வந்து இருந்தாள். கூம்பைக் கழற்றி உள்ளே பார்த்ததும், "ஐயோ, ரொம்பத் திணிச்சிட்டீங்கக்கா. மூச்சு முட்டுது பாருங்க," என்றாள்.

"அப்ப எவ்வளவு வைக்கவேணும்?"

பெட்டியின் உச்சியிலிருந்து அடிவரை கையை ஓட்டிக் காட்டினாள். "கூம்பு முன்னாடி போறப்ப பின்னாடியும் சத்தம் வருதில்லைங்களா, அது இந்த உயரமான பெட்டிக்குள்ள மேலயும் கீழயும் மோதி மோதித் திரும்ப வருது. அதுதான் உங்களுக்குப் பீப்பாய் மாதிரி கேட்டது. சில சுரம் மட்டும் பெருசா வந்ததும் அதனாலதான். அதைப் பஞ்சு உறிஞ்சிக்கணும். ஆனா ரொம்ப கீழ் சுரத்துக்கு உள்ள இருக்கிற காத்து இந்தக் குழாய் வழியா ஃப்ரீயா போய் வரணும். அதையும் சேர்த்து அடைச்சா பேஸ் எங்கிருந்து வரும்?"

"அப்ப பெட்டிச் சுவருக்கு மட்டும் போர்த்தினால் காணும்."

"அதேதான்! மேல்பக்கம் கொஞ்சம் தடிமனா. குழாய் வாய்கிட்ட எதுவும் கூடாது."

எனக்குக் கை துறுதுறுத்தது. தையல் மெசினை இழுத்து வைத்தேன். பஞ்சை அளவாக வெட்டி, நார் பறக்காமல் இருக்க இரண்டு பக்கமும் மெல்லிய வலைத்துணி வைத்து, ஓரம் அடித்தேன். பெட்டிக்கென்றே ஒரு குட்டிப் போர்வை. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா யாருமே பண்ண மாட்டாங்க. மூடினா யாரு பார்க்கப் போறா!" என்றாள். நான் தைக்கத் தைக்க அவள் சுவரில் பிடித்தாள், என் கணவர் பசை போட்டார். பின்சுவர், பக்கச் சுவர்கள், உச்சியில் இரட்டை மடிப்பு. குழாயைச் சுற்றி ஒரு கை புகுந்து திரும்புகிற அளவுக்கு வெறுமையாக விட்டோம்.

முதலில் ஒரு பெட்டியை மட்டும் பூட்டிக் கேட்டோம். கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்றாள். கீழ்ப்பக்கத்தில் ஒரு துண்டைக் கழற்றினோம். பாட்டைத் திரும்பப் போட்டாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் கண்ணை விரித்துக்கொண்டு, "மத்ததையும் மூடுங்க, சீக்கிரம்!" என்றாள்.

இரண்டையும் பூட்டி நிமிர்த்தி மகளின் பாட்டைப் போட்டோம்.

அதை எப்படிச் சொல்வேன்! பெடியன் பீப்பாவிலிருந்து வெளியே வந்து எங்களுக்கு முன்னால் நின்று பாடினான். அவனுக்குக் கீழே, உருண்டு திரண்டு, ஒவ்வொன்றும் தனித் தனியாக, பேஸ் கிட்டார் நடந்தது. சும்மா உம்மென்று நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது, டிரம்ஸோடு சேர்ந்து குதித்தது, பாட்டுக்காரன் மூச்சு எடுக்கிற இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனது. அது என் பிள்ளை. "உவள்தான்! உவள்தான்!" என்று நான் கணவரின் தோளில் அடித்துக்கொண்டே இருந்தேன்.  அவருக்குக் கண் நிறைந்திருந்தது. கோயம்புத்தூர்க்காரி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தபடி தலையாட்டித் தாளம் போட்டாள்.

மகளை உடனே வரச் சொன்னோம். அடுத்த நாள் மத்தியானம் வந்தாள், சப்பாத்தைக் கழற்றினபடியே, "என்ன அவசரம்?" என்று டேனிஷில் கேட்டாள். நான் பாட்டைப் போட்டேன். அவள் ஜாக்கெட்டைக் கழற்றாமலே நின்று கேட்டாள்.

"ரெண்டாம் முறை பாட வெளிக்கிடுறதுக்கு முன்னம்," என்றேன் நான், "ஒரு சுரத்தில இருந்து கீழ வழுக்கிக்கொண்டு போறாய். அந்த இடம் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு."

"நாய்!" என்றாள். டேனிஷில் 'இல்லை' என்கிற சொல் அது, நம்ப முடியாததற்கும் அதுவே. "அம்மா, அது உங்களுக்குக் கேட்டதா? அதை எடுத்துவிடலாம், ஒருத்தருக்கும் கேக்காது எண்டு குழுவில மற்றப் பிள்ளையள் சொன்னவை. நான்தான் சண்டை பிடிச்சு வைச்சனான்!"

"ஏன் கேக்காது? வடிவாக் கேக்குது."

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு சோபாவில் விழுந்து, திரும்பப் போடச் சொன்னாள். மூன்றாவது தரம் கேட்கும்போது முகத்தைச் சுருக்கினாள். "இந்த இடத்தில நான் டிரம்ஸுக்குப் பிந்திறன். ஓகூஸில இருக்கிற ஸ்பீக்கரில எங்களுக்கு இது கேக்கவே இல்லையே!" என்றாள். கோபமில்லை, ஒரே பரபரப்பு. அங்கேயே கைபேசியை எடுத்துக் குழுவினருக்கு அழைத்து, பாட்டை வெளியிடவேண்டாம், இக்காஸ்டுக்கு வாருங்கள், இங்கே ஒருக்கால் கேட்டுப் பாருங்கள் என்று படபடவென்று டேனிஷில் சொன்னாள்.

அடுத்த கிழமை எல்லாரும் வந்தார்கள். நீண்ட கால்களை மடிக்க இடமில்லாமல் எங்கள் விறாந்தையிலும் வரவேற்பறையிலும் இளந்தாரிகள். பாட்டுக்காரன் தன் குரலைக் கேட்டுச் சிவந்துபோனான். டிரம்ஸ் அடிக்கிற பெட்டைப் பிள்ளை என் மகளிடம் திரும்பி, "நீ இவ்வளவு வாசிக்கிறாயா!" என்று கேட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. ரோல்ஸ் பொரித்துப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தேன், வைக்க வைக்க முடிந்தது. என் கணவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே எப்படி இருக்கிறது என்று கையால் அளந்து காட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவர்கள் வேறு பாட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிக் கேட்டார்கள்.