அம்மா காரைவிட்டு இறங்கவில்லை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அம்மா காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் எங்கள் வீட்டு முன்னால் நின்றிருந்தார்கள். மீதிப் பேர் செய்தி கேட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளே, நீங்கள் தெலுங்கில் கேட்டாலும் இங்கிலீஷில் கேட்டாலும் இதை நான் தமிழில்தான் சொல்லுவேன். அம்மா அன்றைக்குச் சண்டை போட்டது தமிழில். வேறு பாஷையில் சொன்னால் அதன் சூடு ஆறிவிடும்.

முதலில் காரைச் சொல்லிவிடுகிறேன். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். மாரேட்பள்ளியில் ஒரு பங்களாவின் பின்பக்கம் அதற்குள் கோழிகள் குடியிருந்தன. பங்களாவை இடிக்கப் போகிறோம், யாராவது இதை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த எங்கள் அப்பா கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வருடத்தில் ஓடவும் வைத்தார். ஆனால் மெட்டுகுடா மேட்டில் ஒரு பால் வேன் அதை முந்திக்கொண்டு போய்விட்டது. பால்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார் என்று அப்பா சொன்னார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

“செஞ்சவன் குடுத்த வேகத்தோட நாம நின்னுக்கணுமா? கைக்கு நிக்கணும்?” என்று அப்பா எல்லோரிடமும் கேட்டார். எங்கள் ஊர் உருதுவில் கைக்கு என்றால் ஏன்.

எஞ்சினின் மேல் மூடிக்கு ஹெட் என்று பெயர். நான்கு சிலிண்டருக்கும் அதுதான் கூரை. சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வருவது பிஸ்டன். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும், புகை வெளியே போகவும் அதில் கதவுகள் உண்டு. அவைதான் வால்வுகள். அப்பா ஹெட்டைக் கழற்றி, காற்று வரும் துளைகளை அராவி அகலமாக்கினார். ஒரு வருடம் கடிதம் எழுதி இங்கிலாந்திலிருந்து பெரிய வால்வுகளை வரவழைத்தார். அவை இன்னும் ஆழமாகத் திறக்கட்டும் என்று, அவற்றைத் தள்ளித் திறக்கும் கேம் ஷாஃப்டையும் மாற்றினார். கடைசியாக ஹெட்டின் அடிப்பக்கத்தை மெஷினில் கொடுத்துச் சீவினார். கூரை தாழ்ந்தால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் காற்று நெருக்குண்டு வெடி பலமாகும். நெருக்க நெருக்கத்தான் உதைக்கும் என்பார் அப்பா. இது எங்கள் அம்மாவுக்கும் பொருந்தும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்குப் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. செய்து வரும் பாகங்களை அளந்து, சரியில்லாததைச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். மயிரிழை அளவு பிசிறு இருந்தாலும் அவள் விரல் கண்டுபிடித்துவிடும். என் கால்சட்டைப் பையில் இருக்கிற புளியங்கொட்டைகளைத் துணிக்கு மேலேயே தடவி, எத்தனை என்று சொல்லிவிடுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அப்பா ஹெட்டை இன்னொரு தடவை சீவினார் என்று சொன்னது நான்தான்.

“மறுபடியுமா? எவ்வளவு?” என்றாள் அம்மா.

“ஒரு இழை” என்றார் அப்பா.

“ஒரு இழைன்னா எவ்வளவு?”

“ஒரு இழைன்னா ஒரு இழைதான்.”

பாலாநகரில் இப்படிப் பதில் சொன்னால் சொன்னவரையே சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

“கூரையைத் தாழ்த்திட்டீங்க. கதவை ஆழமாத் திறக்க வெச்சுட்டீங்க. பிஸ்டன் மேல வரும்போது வால்வு அதுல இடிக்காதா?”

“கையால சுத்திப் பார்த்தேன். இடிக்கலை.”

“கையால சுத்தினா இடிக்காது. வேகத்துல எல்லாம் துள்ளும். நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்தீங்களா?”

அப்பா மோர் கேட்டார். அளக்கவில்லை என்பதற்கு அதுதான் பதில்.

ஹெட்டைத் திரும்பக் கழற்றி, பிஸ்டன் தலைமேல் மைதா மாவு உருண்டை வைத்து மூடி, இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திறந்து பார்க்கலாம், வால்வு நசுக்கியது போக மிஞ்சுகிற கனம்தான் இடைவெளி என்றாள் அம்மா. “எஞ்சினுக்குப் பூரி சுடறியா?” என்று அப்பா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இடித்தால் வால்வு வளையும், பிஸ்டன் உடையும், ஹெட் விரிசல் விடும், இன்னொரு ஹெட்டுக்கு எங்கே போவீர்கள் என்று அம்மா கேட்டதை நாங்கள் இருவரும் காதில் வாங்கவில்லை.

ஞாயிறு காலை டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. அப்பா சட்டை மாற்ற உள்ளே போன நேரத்தில் அம்மா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு, டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த லேத் மாமாதான் முதலில் வந்தார். அப்பாவின் கூட்டாளி, லேத் மெஷின் ஓட்டுபவர். ஹெட்டைச் சீவிக் கொடுத்ததும் அவர்தான். அண்ணி என்பதை அவர் வதினா என்று தெலுங்கில்தான் சொல்லுவார்; வேண்டாம் என்பதை நக்கோ என்பார்.

“நக்கோ வதினா! கைக்கு இந்தப் பிடிவாதம்? நாங்க ரயில் எஞ்சினையே பார்க்கறவங்க.”

“ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கு அண்ணா. அதான் நீங்க என்ன பண்ணினாலும் நேராப் போகுது.”

கூட்டம் சிரித்தது. அப்பாவின் காது சிவந்துவிட்டது.

“எல்லாரும் பார்க்கறாங்க. இறங்கு.”

“பார்க்கட்டும். பார்க்கத்தானே கூப்பிட்டீங்க?”

“மேடு ஏறி இறங்கிட்டு வந்துடறேன். அப்புறம் உன் மாவை வெச்சுப் பார்க்கலாம்.”

“அப்புறம் பார்க்கறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. மாவு உள்ள போகாம இந்தச் சாவி வெளியில வராது.”

“பொண்டாட்டி பேச்சுக்கு ஹெட்டைக் கழட்டினான்னு ஒர்க்‌ஷாப் பூரா பேசுவாங்க!”

“பேசட்டும். நான் இறங்க மாட்டேன்.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். கை மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு அழுகை முட்டியது. முதல் ஓட்டத்தில் பக்கத்து சீட்டு எனக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். தசராச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தேன். எனக்கென்று வைத்திருந்த இடத்தில் நான் உட்காருவேன் என்று கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். அம்மாவின் முந்தானை இரண்டு சீட்டுக்கும் நடுவில் கிடந்தது. நுனியில் முடிச்சு. அவள் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக இழுத்தேன். இறுகக் கட்டியிருந்தாள். குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தேன். சாவி கையில் விழுந்ததும் அப்பாவிடம் வீசினேன்.

“ஷாபாஷ்!” என்று கூட்டம் கை தட்டியது. லேத் மாமா விசில் அடித்தார்.

அப்பா சாவியைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இறங்கவும் இல்லை. அப்பா சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் போட்டார்.

“ஸ்பேனர் பெட்டியைக் கொண்டா” என்றார் லேத் மாமாவிடம்.

“ஏம்ப்பா? சாவிதான் கிடைச்சுடுச்சே?”

“கிடைச்சுடுச்சு. என் கையில இருக்கு. என் வண்டி, எனக்குத் தோணுது, கழட்டறேன். உனக்கென்ன?”

அதன் பிறகுதான் அம்மா இறங்கினாள். நேராக அடுப்படிக்குப் போய் மைதாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்து கொண்டுவந்தாள். நான்கு உருண்டை. ஹெட்டைக் கழற்றி, மாவை வைத்து மூடி, இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி திறந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கூட்டம் கலைந்துபோயிருந்தது. அம்மா காய் நறுக்கும் கத்தியால் ஒவ்வொரு மாவையும் குறுக்கே வெட்டினாள். முதலாவது கனமாக இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதைக் கத்தி நுனியில் எடுத்து லேத் மாமாவிடம் நீட்டினாள். அவர் வெயிலுக்கு நேரே பிடித்தார். வெங்காயத் தோல் மாதிரி இருந்த மாவுக்குள் வெளிச்சம் புகுந்து வந்தது.

“ஹவ்” என்று ஒப்புக்கொண்டார் லேத் மாமா. நான்காவதை யாரும் பார்க்கவே இல்லை.

பிஸ்டன் தலைகளில் வால்வுக்கு இடம் விட்டுக் குழி எடுத்து, அம்மா அளந்து சரி என்று சொல்ல இரண்டு மாதம் ஆனது. பிறகு மெட்டுகுடா மேட்டில் நாங்கள் முந்தியது பால் வேனை இல்லை, ஒரு காய்கறி லாரியை. திரும்பிப் பார்த்து நான்தான் சிரித்தேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடாமல் அழுதேன். அவ்வளவு கஷ்டப்பட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தும் வண்டியை எடுக்காத அப்பாமேல் கோபம். சாவி கையில் வந்த பிறகுதான் அவரால் விட்டுக்கொடுக்க முடிந்தது என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அம்மாவிடம் அடி விழும் என்று பயந்தேன். அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. ராத்திரி எனக்கு இரண்டு பூரி கூடுதலாகப் போட்டாள். தப்பித்தோம் என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

என் பையில் இருக்கிற புளியங்கொட்டையைத் துணிக்கு மேலேயே எண்ணிவிடுகிறவள், பக்கத்தில் உட்கார்ந்து தன் முந்தானையைப் பல்லால் இழுத்தவனை ஏன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று கேட்க, அப்போது எனக்குத் தோன்றவில்லை.