கற்பூரக் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை

மூர்த்தி அண்ணன் போய்விட்டார். காலையில் அவருடைய மகள் போன் பண்ணிச் சொன்னாள்... ஹார்ட் அட்டாக்.

குருசுக்குப்பம் போகிற வழியில் பூஜை சாமான் கடை வைத்திருந்தாரே, அவர்தான். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை.

அந்தக் கடைச் சுவரில்தான் எங்கள் பகுத்தறிவு மன்றத்தின் கரும்பலகை இருபது வருடமாகத் தொங்குகிறது. தினமும் வேலைக்குப் போகும் முன் நான்தான் சாக்பீஸால் நாலு வரி எழுதுவேன்.

உள்ளே கற்பூரம், ஊதுவத்தி. வெளியே "பரீட்சைக்குப் படி, தேங்காய் உடைத்தால் மார்க் வராது"... சிரிக்காதீர்கள், ஊரே சிரித்தாயிற்று.

வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. அந்தத் தெருவில் நாலு வீட்டில் கேட்டேன், நாலு பேரும் கையை விரித்துவிட்டார்கள்.

இவரிடம் கேட்க எனக்குத் தோன்றக்கூட இல்லை. பலகையும் சுத்தியலுமாக முழித்துக்கொண்டு நின்றவனை அவரே கூப்பிட்டார்.

"இன்னாபா, சுவருதானே வேணும்? இங்க அடி. உள்ள ஒயர் போவுது, பாத்து அடி."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அவர் சொன்ன ஒரே குறை, என் எழுத்து கோணலாகப் போகிறது என்பதுதான்.

ஒரு தடவை மஞ்சள் காமாலை வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பலகையில் பழசே இருந்திருக்கிறது, வழக்கமாகப் படிக்கிறவர்கள் "இன்னாண்ணே, புதுசா ஒண்ணும் காணோமே" என்று இவரைக் கேட்டிருக்கிறார்கள்.

மனுஷனுக்குத் தாங்கவில்லை. அவரே சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டார்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்து பார்க்கிறேன்... அச்சடித்த மாதிரி நேராக, "கடவுள் இல்லை. வழக்கம் போல." அதற்கு மேலே, நட்டநடுவில், கொழுகொழுவென்று ஒரு பிள்ளையார் சுழி!

"அண்ணே, இன்னாண்ணே இது?"

"கை வழக்கம்பா... அது போடாம நான் எதையுமே எழுதனதில்ல. அழிச்சுடட்டா?"

நான் அழிக்க விடவில்லை. மன்றத்துத் தோழர்களிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன், பரவாயில்லை.

அப்புறம் ஒரு விநாயகர் சதுர்த்தி. பத்துப் பதினைந்து பேர் வந்து பலகையை உடனே இறக்கு என்றார்கள்.

குரல் ஏறிக்கொண்டே போனது. அண்ணன் கடைக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று பயந்து, நானே கழற்றக் கை வைத்துவிட்டேன்.

அண்ணன் கல்லாவிலிருந்து இறங்கி வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"சுவரு என்னுது. இத்தினி வருஷமா தெனம் நானும் படிக்கிறேன், எனக்கு பக்தி கொறஞ்சுதா? போங்கப்பா, அங்க புள்ளையாரு வெயில்ல நிக்கிறாரு."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். விஷயம் அதோடு முடிந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது அண்ணி சொன்னார்... திருவிழாவுக்கு மொத்தமாகச் சாமான் வாங்கும் கோயில்காரர்கள் அந்த வருடத்தோடு நின்றுவிட்டார்களாம். திரும்ப வரவே இல்லையாம்.

"உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாரு. சொன்னா நீங்க போர்டை கழட்டிடுவீங்களாம்."

கழற்றியிருப்பேன் அண்ணே. அன்றைக்கே கழற்றியிருப்பேன்.

வாசலில் நின்று அழுதேன். இவ்வளவு நல்ல மனுஷனுக்கு ஒரு தடவை வாய்விட்டு நன்றி சொன்னதில்லை நான்...

உங்கள் நம்பிக்கைப்படி நீங்கள் இப்போது சிவனிடம் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று உங்கள் சுவரிலேயே எத்தனை நாள் எழுதியிருக்கிறேன்.

உங்களுக்காக, இந்த ஒரு தடவை நான் எழுதியதெல்லாம் தப்பாக இருக்கட்டும்.

நன்றி அண்ணே.